ஆமாஞ்சாமி வெட்டிய குளம்

அந்தத் தெருவில் சலூன் வைத்திருந்தவருக்குப் பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. இப்போது கேட்டால் அவரே கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வார். தெருவுக்கு அவர் ஆமாஞ்சாமி. முதுகுக்குப் பின்னால் வைத்த பட்டப்பெயர் என்று நினைத்துவிடாதீர்கள். முகத்துக்கு நேரேதான் கூப்பிடுவார்கள். "என்ன ஆமாஞ்சாமி, கூட்டமா இருக்கா?" என்று வாசலில் நின்று கேட்டால், உள்ளே ஈ ஓட்டிக்கொண்டிருந்தாலும் "ஆமா சார்" என்பார்.

இதில் அவரை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? தொழில் அப்படி. சலூன் நாற்காலியில் ஏறி உட்கார்ந்து கழுத்தில் துணியைக் கட்டிக்கொண்ட அந்த நிமிஷம் எந்த மனிதனுக்கும் உலகத்தைப் பற்றி ஒரு கருத்து பிறந்துவிடும். வீட்டில் கேட்பாரில்லை, ஆபீசில் மதிப்பாரில்லை, எல்லாவற்றுக்கும் சேர்த்து வைத்து அங்கேதான் பேசித் தீர்ப்பான். அந்த நேரம் பார்த்துக் கத்தி பிடித்திருக்கிறவன் எதிர்வாதம் செய்தால் என்ன ஆகும்? கோபத்தில் தலை திரும்பும், காது போகும். ஆகையால் நாற்காலியில் யார் உட்கார்ந்திருக்கிறாரோ அவர் சொல்வதே சரி என்று வைத்துக்கொண்டார். காலையில் ஒருவர், "இந்த வருஷம் பாரு, ஒரு சொட்டு மழை கிடையாது" என்பார். "ஆமா சார், வானத்தப் பாத்தாலே தெரியுதே." அடுத்தவர் ஏறி உட்கார்ந்து, "இந்த வருஷம் கொட்டித் தீக்கப் போகுது" என்பார். "ஆமா அண்ணே, எறும்பெல்லாம் முட்டையத் தூக்கிட்டு மேல ஏறுதே." பெஞ்சில் காத்திருந்து இரண்டையும் கேட்டவர்கள் சிரிப்பார்கள். அவருக்கு அதில் வெட்கம் ஒன்றும் கிடையாது. இத்தனை வருஷத்தில் ஒரு காதில்கூடக் கீறல் விழுந்ததில்லை, அது போதும் அவருக்கு.

அவர் மனைவி இதற்கு நேர் எதிர். ஆடைத் தொழிற்சாலையில், தைத்து வருகிற சட்டைகளில் குற்றம் குறை பார்த்து ஒதுக்குகிற வேலை. நாள் முழுக்கக் கோணல் தையலையும் பிசிறு நூலையும் தேடித் தேடி "இது ஆகாது, இது ஆகாது" என்று தள்ளிக்கொண்டிருக்கிற கண், சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் சும்மா இருக்குமா? ஆமாஞ்சாமியைத்தான் மேலும் கீழுமாகப் பார்க்கும்.

குடியிருந்தது மூன்றாம் மாடி. குழாயில் தண்ணீர் வந்து வருஷக்கணக்காகிறது. தெருவுக்குத் தண்ணீர் லாரி வரும், வந்தால் உண்டு. ஆமாஞ்சாமியும் குடத்தைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்பார், நிற்காமல் இல்லை. ஆனால், "அண்ணே, குழந்தை அழுவுது, கொஞ்சம் முன்னாடி விடுங்களேன்" என்று ஒருத்தி கேட்பாள். "ஆமாம்மா, நீ போ." "ஆபீசுக்கு நேரமாச்சு சார்." "ஆமா சார், போங்க." இப்படியே தெருவையெல்லாம் முன்னால் அனுப்பிவிட்டு அவர் லாரிக்குப் பக்கத்தில் போய்ச் சேரும்போது டிரைவர் வண்டியைக் கிளப்பிக்கொண்டிருப்பான். ஆகவே வரிசையில் நிற்கிற வேலையும் மனைவி தலையில்தான் விழுந்தது. நிறைந்த குடத்தோடு மூன்று மாடி ஏறி ஏறி அவள் வலது தோள் பழுதாகிவிட்டது. சில நாள் சட்டைப் பொத்தானைப் போடக்கூடக் கை தூக்க வராது. அதைப் பார்த்து ஆமாஞ்சாமியே பொத்தானைப் போட்டுவிடுவார். போட்டுவிட்டு என்ன, வாய் மாறவில்லை.

தெருக் கோடியில் ஒரு குளம் இருந்தது. இருந்தது என்று சொல்வதே மரியாதைக்குத்தான். பழைய மெத்தை, உடைந்த கட்டில், யாரோ கொட்டிய கட்டட இடிசல், அவற்றுக்கு நடுவே ஒரு பச்சைக் குட்டை. நகராட்சி அதைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போய், மண்ணடித்து மூடி வண்டிகள் நிறுத்தும் இடமாக்கப் போகிறோம் என்று அறிவித்துவிட்டது. அதுவரை அந்தப் பக்கம் மூக்கைப் பிடித்துக்கொண்டு போன தெருவுக்கு அன்றைக்குத்தான் ரோஷம் வந்தது. நம்ம குளம்! நம்ம குளத்த மூட இவங்க யாரு?

கூட்டம் போட்டார்கள். பெஞ்சும் ஃபேனும் இருக்கிற இடம் சலூன்தான் என்பதால் அங்கேயே கூட்டம். ஆளாளுக்குப் பேசினார்கள். புவியியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்ற வாத்தியார், எங்கோ கடலுக்கு அப்பால் இருக்கிற பெரிய பெரிய நதிகளைப் பற்றி அரை மணி நேரம் பேசிவிட்டுக் குளத்தைச் சொல்ல மறந்து உட்கார்ந்தார். கடைசியில், "சங்கம்னு ஒண்ணு வேணும். யாரு தலைவரா இருக்கறது?" என்று ஒருவர் கேட்டதும் அத்தனை பேரும் ஃபேனைப் பார்த்தார்கள். ஆமாஞ்சாமி மட்டும் யாரையும் கவனிக்காமல் ஒருவருக்குக் கிருதா ஒதுக்கிக்கொண்டிருந்தார். "சலூன்காரரே இருக்கட்டுமே, என்ன?" என்றார் வாத்தியார். "ஆமா சார்" என்றார் அவர், கத்தியை எடுக்காமலே. கைதட்டல் கேட்ட பிறகுதான் என்ன சொன்னோம் என்று திரும்பிப் பார்த்தார்.

நகராட்சியிலிருந்து ஒரு பெண் பொறியாளர் வந்தார். கறார் பேர்வழி. சேற்றில் செருப்பு மாட்டிக்கொண்டதைக்கூட முகத்தில் காட்டவில்லை.

"நீங்களே சுத்தம் பண்றதா இருந்தா பண்ணுங்க. மழைக்காலம் முடிஞ்சதும் வந்து பாப்பேன். தண்ணி நின்னுச்சுன்னா குளம் உங்களுக்கு. நிக்கலேன்னா மூடிடுவோம். அப்புறம் யாரும் கொடி பிடிக்கக் கூடாது. சரிதானே?"

"ஆமா மேடம்" என்றார் தலைவர்.

வீட்டில் வந்து சொன்னபோது மனைவி வழக்கம்போல் பாயவில்லை. தோளுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே, "பரவாயில்லையே, வாழ்க்கையில முதல் தடவையா உருப்படியான ஒண்ணுக்கு ஆமான்னிருக்கீங்க" என்றாள். தைலப் புட்டியை மூடிவிட்டு அவளாகவே சொன்னாள்: "குளம்னு ஒண்ணு கிடந்தா, என்னிக்காவது தண்ணி வரும்னு ஒரு நப்பாசையாவது இருக்கும். மூடிட்டா அதுவும் போச்சு. விட்டுடாதீங்க."

விட்டுவிடக் கூடாது என்று ஆமாஞ்சாமி அன்றைக்கு மனசுக்குள் சொல்லிக்கொண்டார். அடுத்தவர் சொன்னதற்குத் தலையாட்டாமல் அவராகவே ஒன்றை ஆசைப்பட்டது அதுதான் முதல். கல்யாணத்தைக்கூட அவர் அப்பாதான் முடிவு பண்ணினார், இவர் வழக்கம்போல் ஆமாம் என்றார். அதில் மட்டும் குருட்டு அதிர்ஷ்டம்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் தெருவே குளத்தில் இறங்கியது. சொன்னால் நம்ப மாட்டீர்கள், இடுப்பு வலி என்று நாலு வருஷமாக ஒரு துரும்பையும் நகர்த்தாதவர்கள்கூட மண்வெட்டியோடு வந்தார்கள். அக்கம்பக்கத்தார் என்னென்ன வீசியிருக்கிறார்கள் என்று பார்க்கிற ஆசைதான் பாதிப் பேருக்கு. ஒரு சைக்கிள் கிடைத்தது. அது திருட்டுப் போனதென்று வீட்டில் சொல்லிப் புது வண்டி வாங்கிக்கொண்ட ஒரு மனிதர் அதைப் பார்த்ததும் சத்தம் போடாமல் வீட்டுக்குப் போய்விட்டார். ஒரு பல்செட் கிடைத்தது. அதற்கு மட்டும் யாரும் உரிமை கொண்டாடவில்லை. குப்பையெல்லாம் போனதும், மொட்டை மாடிகளிலிருந்து மழைத் தண்ணீர் விழுகிற குழாய்களை ஒரு வாய்க்காலாகச் சேர்த்துக் குளத்துக்குத் திருப்பினார்கள். சாக்கடை கலக்காமல் அதைத் தனியாக ஒதுக்கிவிட்டார்கள். அதுவரை எல்லாம் சரியாகத்தான் நடந்தது.

அடுத்து ஆழப்படுத்த வேண்டும். பொக்லைன் ஓட்டுகிற ஒருவர், ஆமாஞ்சாமியிடம் சிறு வயதிலிருந்து முடி வெட்டிக்கொள்கிறவர், விடுமுறை நாளில் வண்டியைக் கொண்டுவந்து சும்மாவே தோண்டித் தருகிறேன் என்றார். எவ்வளவு தோண்டணும் என்பதை மட்டும் தலைவர் சொல்லிவிட வேண்டும். வினை அங்கேதான் வந்தது.

தலைவரை எங்கே பார்ப்பது? சலூனில். எப்படிப் பார்ப்பது? நாற்காலியில் உட்கார்ந்து. வாத்தியார் வந்து உட்கார்ந்தார். "நடுவுல நல்லா ஆழமா இருக்கணும்ப்பா. அப்பத்தான் கோடையில வத்தாது." "ஆமா சார்." மருந்துக்கடைக்காரர் உட்கார்ந்தார். "மீன் விடலாம். ஆனா மீனுக்கு இந்த ஆழம் பத்தாது." "ஆமா அண்ணே, மீன் பாவம்." வாடகைக்கு நாற்காலி விடுகிறவர் உட்கார்ந்தார். குளத்தங்கரையில் சாயங்காலம் நாற்காலி போட்டு ஜனங்கள் உட்கார்ந்தால் நன்றாக இருக்கும், அதற்குக் கரையை உயர்த்த வேண்டும், உயர்த்த மண் வேண்டும், மண்ணுக்கு இன்னும் தோண்ட வேண்டும். "ஆமா அண்ணே." ஒருவர் படகு விடலாம் என்றார். அந்தக் குளத்தில் படகு விட்டால் ஒரு தள்ளு தள்ளியதும் எதிர்க்கரை வந்துவிடும். அதற்கும் ஆமாம். ஒவ்வொருவர் எழுந்து போனதும் பொக்லைன்காரருக்குச் சொல் போகும்: இன்னும் ஒரு முழம்.

ஒருநாள் பொக்லைன்காரரே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். "அண்ணே, மேல நல்ல கெட்டிக் களிமண்ணு இருந்துச்சு. அதத் தாண்டியாச்சு. இப்ப அடியில மணலா வருது. நிறுத்திடவா?"

"ஆமாப்பா, நிறுத்திடு."

அவர் எழுந்தார், வாத்தியார் உட்கார்ந்தார். "மணல் வந்துடுச்சாமே! பிரமாதம்! இன்னும் கொஞ்சம் தோண்டினா தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கும்." "ஆமா சார்." வெளியே வண்டியில் ஏறப்போன பொக்லைன்காரரைக் கைதட்டிக் கூப்பிட்டார்கள். மேலும் தோண்டியாயிற்று.

மழை வந்தது. கொட்டு கொட்டென்று கொட்டியது. வாய்க்கால் வழியாகத் தெருவின் மொட்டை மாடித் தண்ணீரெல்லாம் சுருட்டிக்கொண்டு குளத்தில் இறங்கியது. குளம் நிறைந்தது ஐயா! கரை தொட்டு நின்றது! குடையைப் பிடித்துக்கொண்டு தெருவே போய்ப் பார்த்தது. குழந்தைகள் காகிதக் கப்பல் விட்டார்கள், படகு ஆசைக்காரரும் ஒன்று விட்டார். ஆமாஞ்சாமி குடையை மடக்கிவிட்டு நனைந்துகொண்டே நின்றார். கண்ணீர் வந்தால் வெளியே தெரியக் கூடாது என்றுதான். மனைவி அவர் கையைப் பிடித்து ஓர் அழுத்து அழுத்தினாள், அந்த வலது கையாலேயே.

மழை விட்ட மறுநாள் தண்ணீர் ஒரு படி இறங்கியிருந்தது. வெயில் குடித்திருக்கும் என்றார்கள். அதற்கு மறுநாள் பாதிக் குளம். வெயிலுக்கு அவ்வளவு தாகமா? வாரம் முடிவதற்குள் அடி தெரிந்துவிட்டது. வெள்ளை வெளேரென்ற மணல், நடுவில் காகிதக் கப்பல்கள், ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை. யாரால் போனது என்பது மட்டும் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

"யாரு இவ்வளவு ஆழமா தோண்டச் சொன்னது?"

"ஆமாஞ்சாமிதான்."

மருந்துக்கடைக்காரர் சொன்னார், நாற்காலிக்காரர் சொன்னார், படகுக்காரர் சொன்னார். வாத்தியாருக்கு வந்த கோபத்தில் இனி அந்தச் சலூன் படி மிதிக்க மாட்டேன் என்று அடுத்த தெருவுக்குப் போய் முடி வெட்டிக்கொண்டார். ஒரு கிருதா மேலேயும் ஒரு கிருதா கீழேயுமாகத் திரும்பி வந்தார், அந்தக் கோபமும் ஆமாஞ்சாமி மேல்தான் விடிந்தது.

வீட்டில் மனைவி கேட்டாள். "மணல்ல தண்ணி ஊத்தினா நிக்குமான்னு நான் அன்னிக்கே கேட்டேனா இல்லையா?"

"கேட்ட."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஆமா, நிக்காதுன்னேன்."

"அப்புறம்?"

"அப்புறம் வேற ஒருத்தர் வந்து உக்காந்துட்டார்."

அவள் திட்டியிருந்தால் தேவலை. திட்டவில்லை. தைலப் புட்டியைத் தேடி எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். ஆமாஞ்சாமிக்குச் சோறு இறங்கவில்லை. பொறியாளர் வருகிற நாள் குறித்தாகிவிட்டது. குளம் போகப் போகிறது, தன்னால்தான் போகப் போகிறது, இதை நினைத்து நினைத்து அவர் சலூனில் தனியாக உட்கார்ந்து, ஒரு தலையும் வராத கத்தரியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பொறியாளர் வருவதற்கு முதல்நாள் காலை நாற்காலிக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சலூனுக்குள் புகுந்தார். முகம் ரத்தமாகச் சிவந்திருந்தது.

"என்னய்யா பண்ணி வச்சிருக்கே? என் கிணத்துக்குள்ள தண்ணி விட்டது யாரு?"

"ஆமாண்ணே, தப்புதான்."

"என்ன தப்பு?"

"தெரியலண்ணே. ஆனா தப்புதான்."

விஷயம் இதுதான். அந்தத் தெருவில் பழைய வீடுகளின் கொல்லையிலெல்லாம் கிணறு உண்டு. எல்லாம் எப்போதோ வற்றிப்போனவை. காலியிடத்தைச் சும்மா விட நாற்காலிக்காரர் என்ன ஏமாளியா? வாடகைக்குப் போகாத நாற்காலிகளைக் கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கி அடுக்கிவிடுவார். பூட்டு வேண்டாம், திருடன் வர மாட்டான், மேலே தகரத்தைப் போட்டு மூடினால் மழையும் விழாது. அருமையான கிடங்கு. அன்றைக்கு ஒரு கல்யாணத்துக்கு நாற்காலி எடுக்கத் தகரத்தைத் தள்ளினால், கிடங்கு முழுக்கத் தண்ணீர்!

ஆமாஞ்சாமி போய் எட்டிப் பார்த்தார். கை எட்டுகிற உயரத்தில் சிவப்பும் நீலமுமாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள் காலைத் தூக்கிக்கொண்டு மிதந்தன.

"பாத்தியா? பாத்தியா? குளத்த நோண்டறேன் குளத்த நோண்டறேன்னு எந்தக் குழாய உடைச்சியோ! கிடங்கே நாசமாப் போச்சு!"

"கவலப்படாதீங்கண்ணே. நான் எறைச்சுக் குடுத்துடறேன்."

சொன்ன சொல் தவறாதவர். உடனே வாளியும் கயிறும் கொண்டுவந்தார். பொக்லைன்காரரைக் கூப்பிட்டுக்கொண்டார். தெருவில் போய்க்கொண்டிருந்த வாத்தியார், கோபத்தை ஒத்திவைத்துவிட்டு, எப்படி இறைக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுக்க வந்தவர், சொல்கிற வேகத்தில் தாமும் ஒரு வாளியைத் தூக்கிவிட்டார். முதலில் நாற்காலிகளை வெளியே எடுத்தார்கள். பிறகு தண்ணீர். நான்கு ஆண்கள் வேர்க்க விறுவிறுக்க இறைத்து இறைத்து, கொல்லையிலிருந்து தெருச் சாக்கடைக்குப் போகிற தனி வாய்க்காலில் கொட்டினார்கள். மட்டம் ஒரு சாண்கூட இறங்குவதாயில்லை.

"சனியன், ஊறிக்கிட்டே இருக்கு!" என்றார் நாற்காலிக்காரர்.

"ஆமாண்ணே, சனியன்தான்" என்றார் ஆமாஞ்சாமி.

அதே நேரம் தெரு முனையில் தண்ணீர் லாரிக்காகப் பெண்கள் குடத்தோடு நின்றிருந்தார்கள். லாரி வரவில்லை. ஆமாஞ்சாமியின் மனைவியும் வரிசையில் இருந்தாள். காலடியில் வாய்க்காலில் ஏதோ சலசலவென்று ஓடுகிறதே என்று குனிந்து பார்த்தாள். பளிங்குத் தண்ணீர். குற்றம் கண்டுபிடித்தே பழகிய கண்ணுக்கு அதில் ஒரு தூசுகூடத் தென்படவில்லை. வரிசையில் தன் இடத்தில் குடத்தை வைத்துவிட்டு, ஓடுகிற தண்ணீரின் எதிர்த்திசையில் நடந்தாள். இன்னும் நாலைந்து பெண்கள் பின்னால் வந்தார்கள். வாய்க்கால் நாற்காலிக்காரர் வீட்டுக் கொல்லையில் போய் முடிந்தது.

"என்னங்க பண்றீங்க?"

ஆமாஞ்சாமி நெற்றி வேர்வையை வழித்தார். "எறைக்கறோம்மா. விடிஞ்சதுலேருந்து உயிர் போகுது. அண்ணன் கிணத்துல தண்ணி வந்துடுச்சு."

"இன்னொரு தடவ சொல்லுங்க."

"அதான்... கிணத்துல... தண்ணி..."

பாதியில் நின்றுவிட்டார். வாத்தியார் தூக்கிய வாளி தூக்கியபடியே நின்றது. நாற்காலிக்காரர் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தார்.

"அடப்பாவிங்களா!" என்றாள் மனைவி. "அங்க நாங்க ஒரு குடம் தண்ணிக்கு நாயா நிக்கறோம். இங்க நாலு தடி ஆம்பளைங்க சேந்து கிணத்து தண்ணியச் சாக்கடையில கொட்டிட்டு இருக்கீங்களா? வாளிய வைங்க கீழ! வைங்கன்னா!"

வைத்தார்கள். வாத்தியார் மட்டும், "நான் அப்பவே நினைச்சேன். குளத்துத் தண்ணி மணல் வழியா இறங்கி நிலத்தடியில..." என்று ஆரம்பித்தார்.

"அப்புறம் எதுக்கு சார் வாளியத் தூக்கினீங்க?" என்று ஒரு பெண் கேட்டாள். வாத்தியார் தம் கிருதாவைத் தடவிக்கொண்டார்.

அப்புறம் தெருவில் நடந்ததைப் பார்க்க வேண்டுமே! கிணறு உள்ளவர்களெல்லாம் கொல்லைக்கு ஓடினார்கள். ஒருவர் கிணற்றைப் பலகை போட்டு மூடி மேலே பைக்கை நிறுத்தியிருந்தார். இன்னொருவர் நாய்க்கு வீடு கட்டியிருந்தார், நாய் காலி செய்ய மறுத்தது. திறந்த கிணற்றிலெல்லாம் தண்ணீர். குளத்துக்குப் பக்கத்து வீடுகளில் கை எட்டுகிற அளவு, தள்ளிப்போகப் போகக் கயிறு கேட்கிற அளவு. "இருக்கு! இருக்கு!" என்று ஒரு கொல்லையிலிருந்து அடுத்த கொல்லைக்குக் குரல் பறந்தது. ஆமாஞ்சாமி கிணற்றடியிலேயே உட்கார்ந்துவிட்டார். சிரிப்பு வந்தது. தண்ணீர் போகவில்லை, தண்ணீர் எங்கேயும் போகவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார். பாவம், விடிகாலையிலிருந்து அதைச் சாக்கடைக்கு அனுப்பிக்கொண்டிருந்ததும் அவர்தான்.

மறுநாள் பொறியாளர் வந்தார். கரையில் நின்று பார்த்தார். வறண்ட மணல், நட்ட நடுவில் ஒரு நாய் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது. தெரு மொத்தமும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கியது. கிணறு, நாற்காலி, மணல், மீன் என்று ஆளுக்கொன்று. அவர் கையை உயர்த்தினார்.

"எல்லாரும் பேசினா எனக்கு ஒண்ணும் புரியாது. தலைவர் யாரு? நீங்கதானே? தண்ணி நின்னா உங்களுக்கு, நிக்கலேன்னா மூடிடுவோம்னு பேசிக்கிட்டோம். தண்ணி நிக்கல. மூடிடலாம்தானே?"

ஆமாஞ்சாமிக்கு வாய் தானாகத் திறந்தது. 'ஆ' என்ற முதல் எழுத்து தொண்டையைத் தாண்டி நாக்குக்கு வந்துவிட்டது. நாற்காலிக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். மனைவியின் கை தன்னையறியாமல் வலது தோளுக்குப் போனது. ஆமாஞ்சாமி அதைப் பார்த்தார். வாயை மூடினார். எச்சிலை விழுங்கினார்.

"இல்ல!"

பழக்கமில்லாத சொல், எவ்வளவு சத்தமாகச் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தெரியவில்லை. கத்திவிட்டார். குளத்து நாய் எழுந்து ஓடியது. பொறியாளர் ஓர் அடி பின்வாங்கினார்.

"இல்லங்க மேடம்" என்றார் இப்போது கொஞ்சம் தணிந்து. "மூடக் கூடாது. மூட விட மாட்டேன். தப்பா தோண்டிட்டோம், ஒத்துக்கறேன். யாரு என்ன சொன்னாலும் தலையாட்டி நான்தான் தோண்ட வச்சேன். ஆனா தண்ணி வீணாப் போகல. எங்க கிணத்துக்கெல்லாம் வந்திருக்கு. வந்து பாருங்க. பாத்துட்டு அப்புறம் சொல்லுங்க."

கூட்டிக்கொண்டு போனார். பொறியாளர் கிணற்றுக்குள் குனிந்து வெகுநேரம் பார்த்தார். "இது குளத்துத் தண்ணின்னு எப்படிச் சொல்றீங்க? மழை நேரா விழுந்திருக்கலாமே?"

நாற்காலிக்காரருக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "மழையா? மேடம், வருஷா வருஷம்தான் மழை பெய்யுது. தகரம் போட்டு மூடின கிணறு. என் நாற்காலி ஒருநாளாவது நனைஞ்சிருக்குமா? கேளுங்க இந்தத் தெருவ. இவங்க குளத்த நோண்டினதுக்கு அப்புறம்தான் மிதக்குது. என் கிடங்கையே முழுங்கிடுச்சு இந்தக் குளம்!" முதல்நாள் எதைச் சொல்லிச் சண்டைக்கு வந்தாரோ அதையே நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். ஒரு நாற்காலியை இழுத்து, "உக்காருங்க மேடம்" என்று உபசாரமும் செய்தார். அவர் உட்கார்ந்தார். அது இன்னும் காயவில்லை. எழுந்தபோதுதான் அந்தக் கறார் முகத்தில் முதல்முறையாகச் சிரிப்பு வந்தது.

இன்னும் நாலு கிணறு பார்த்தார். திரும்பக் கரைக்கு வந்து நின்றார். "குளம்னா மேல தண்ணி நிக்கணும்னுதான் எங்க ஆபீஸ்ல எல்லாருக்கும் நினைப்பு. நான் பேசிக்கறேன். மூட மாட்டோம்."

தெருவில் எழுந்த கூச்சலில் அடுத்த வாக்கியம் யாருக்கும் கேட்கவில்லை. அவர் மறுபடி கையை உயர்த்த வேண்டியிருந்தது. "சொல்றதக் கேளுங்க. கிணத்துத் தண்ணியப் பரிசோதனை பண்ணாம குடிக்காதீங்க. வருஷா வருஷம் மணல் மேல வண்டல் படியும். சுரண்டி எடுக்கலேன்னா அடைச்சிடும். வாய்க்கால்ல குப்பை விழக் கூடாது. இதுக்கெல்லாம் எனக்குப் பதில் சொல்ல ஒரு ஆள் வேணும். யாரு பொறுப்பு?"

தெரு முழுக்க ஆமாஞ்சாமியைப் பார்த்தது. அவர் வாயைத் திறந்தார்.

"நான்" என்றது ஒரு குரல். அவர் குரல் இல்லை. மனைவி முன்னால் வந்து நின்றாள்.

"இவரு வேண்டாம் மேடம். தங்கமான மனுஷன், ஆனா அடுத்த வருஷம் யாராவது வந்து நாற்காலியில உக்காந்து குளத்த மூடிடலாம்னா, இவரு ஆமான்னுடுவாரு. நான் பாத்துக்கறேன். குறை இருந்தா என் கண்ணுல படாம போகாது. தண்ணி தூக்கித் தூக்கித் தேஞ்ச தோளு இது, எனக்குத் தெரியும் இதோட அருமை."

பொறியாளர் ஆமாஞ்சாமியைப் பார்த்தார். "உங்களுக்குச் சம்மதமா?"

ஆமாஞ்சாமி தலையில் அடித்துக்கொண்டார். பதவி போகிறதே என்று இல்லை. இவ்வளவு கெட்டிக்காரி தன் வீட்டிலேயே இருக்க, வந்தவர் போனவர் யோசனைக்கெல்லாம் தலையாட்டினோமே என்றுதான். மனைவியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஆமா மேடம். ரொம்ப ரொம்ப ஆமா."

மனைவி அதற்குள் கூட்டத்தின் பக்கம் திரும்பிவிட்டாள். இடுப்பில் கை வைத்து, கோணல் தையல் பார்க்கிற அதே பார்வையால் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அளந்தாள். "வர்ற ஞாயித்துக்கிழமை வாய்க்கால் முழுக்கச் சுத்தம் பண்ணணும். நாய் வீட்ட நகத்தணும். கிணத்துல எதையும் போட்டு வச்சிருக்கக் கூடாது, முக்கியமா நாற்காலி. எல்லாரும் வருவீங்கதானே?"

"ஆமா" என்றது தெரு. வாத்தியார் மட்டும் கொஞ்சம் தாமதமாகச் சொன்னார்.